நினைவுப் பக்கமும் நிறைவேற்றாத அமானிதமும்



எங்கள் மங்கலத்தில் ஒருவர் வஃபாத்தானால் முன்பெல்லாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கி வழியாகத்தான் அச்செய்தி ஊருக்குத் தெரியவரும். மோதினாரின் குரல் எழுந்ததும், தறிக்குடோனில் ஓடிக்கொண்டிருக்கும் தறிகளை நிறுத்திவிட்டு யார் பெயர் என்று காதுகொடுப்பார்கள். இன்னாருடைய மகன், இன்னாருடைய தகப்பனார், ஜனாஸா தொழுகை இத்தனை மணிக்கு என்று அறிவிப்பு முடிந்துவிடும். அஸருக்குப் பிறகு சந்தூக் தோள்மாறித் தோள்மாறி மையவாடிக்குச் செல்லும். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். மறுநாள் தறிகள் மறுபடியும் ஓடும்.

இப்போது ஒலிபெருக்கிக்கு முன்பே கைபேசி ஒலித்துவிடுகிறது. மவ்த்தானவரின் புகைப்படம், அதன் கீழ் 'இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்', அதைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான பதில்கள். மாலைக்குள் பாடல் ஒலிக்க, படங்கள் மாறி மாறி வரும் காணொளியை யாரோ ஒரு பேரப்பிள்ளை தயாரித்துவிடுகிறார். சில குடும்பங்கள் முகநூலில் நினைவுப் பக்கம் தொடங்குகின்றன. ஆண்டு தவறாமல் அந்நாளில் அப்பக்கம் உயிர்பெற்று, மறுநாள் அடங்கிவிடுகிறது.

இவ்வழக்கத்தைப் பழித்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நானும் அவ்வாறு ஒரு பக்கம் தொடங்கியவன். தொடங்கியபின் நான் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்: இறந்தவரை நினைவுகூர்வது என்பது முதலில் ஒரு கடமை, அதன் பிறகே அது ஓர் உணர்ச்சி. இணையத்தில் நாம் எழுப்பும் நினைவுப் பக்கம் அக்கடமைக்குத் துணைசெய்தால் அது நன்மை. கடமையை மறக்கச் செய்தால், எத்தனை பேர் பார்த்தாலும் அதனால் அந்த மய்யித்துக்கு ஒரு பயனும் இல்லை.

என் அத்தா மங்கலத்தில் கூலிக்குத் தறி ஓட்டியவர். பாவும் ஊடையும் வாங்கிவந்து, காடாத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்தப் பிழைப்பிலேயே எங்கள் ஐவரையும் வளர்த்தார். அவர் வஃபாத்தாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தம் கைபேசியில் நாகூர் ஹனிபாவின் பாடல் ஒன்றை அழைப்பிசையாக வைத்திருந்தார். அம்மா இத்தாவில் இருந்த அந்த நான்கு மாதம் பத்து நாள்களில், யாரும் இல்லாத வேளையில் அத்தாவின் எண்ணுக்கு அழைத்து, அந்தப் பாடலை முழுவதும் கேட்டுவிட்டு வைத்துவிடுவார். எங்களுக்கு இது தெரிந்திருந்தது. தெரியாததுபோல் இருந்தோம்.

பின்னர் அந்த எண்ணுக்குப் பணம் கட்ட யாருக்கும் நினைவு வரவில்லை. பல மாதங்கள் கழித்து அம்மா அழைத்தபோது, பாடலுக்குப் பதிலாக அறிமுகமற்ற ஓர் இளைஞரின் குரல், "யாருங்க?" என்று கேட்டது. துண்டிக்கப்பட்ட கைபேசி எண்ணைத் தொண்ணூறு நாள்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கலாம் என்பது நம் நாட்டின் நடைமுறை. வாட்ஸப் கணக்கும் ஏறத்தாழ 120 நாள்கள் பயன்படுத்தப்படாமல் இருந்தால் நீக்கப்பட்டுவிடும். அத்தா எனக்கு அனுப்பிய குரல் செய்திகள் என் பழைய கைபேசியில் இருந்தன. அது பழுதாகி மாற்றியபோது அவையும் போயின. தறிச் சத்தத்துக்கு நடுவே உரத்துப் பேசிப் பழகிய அந்தக் குரல் இன்று எங்கள் வீட்டில் எங்கும் இல்லை.

இந்த வருத்தத்தில்தான் நான் நினைவுப் பக்கத்தைத் தொடங்கினேன். அதைப் பற்றிச் சொல்வதற்கு முன், நம் மார்க்கம் இறந்தோரின் நினைவை எவ்வாறு கையாண்டது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் மகன் இப்ராஹீமின் மரணத்தின்போது கண்ணீர் சிந்தினார்கள். அது இரக்கத்தின் அடையாளம் என்றே விளக்கினார்கள். ஓலமிட்டு அழுவதையும் மார்பிலும் கன்னத்திலும் அறைந்துகொள்வதையும் தடுத்தார்கள். உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்களை அடக்கம் செய்தபின், ஒரு கல்லைத் தம் கையாலேயே சுமந்துவந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கபரை அடையாளம் கண்டுகொள்ளவே அவ்வாறு செய்வதாகக் கூறிய செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அதே வேளையில் கபரைப் பூசுவதையும் அதன்மீது கட்டடம் எழுப்புவதையும் அவர்கள் தடைசெய்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அடையாளம் வேண்டும், ஆடம்பரம் கூடாது என்பதே இவ்விரண்டிலிருந்தும் நான் பெறும் பாடம். மையவாடியின் கல்லுக்குப் பொருந்தும் இந்த அளவுகோல் இணையத்தின் கல்லுக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன்.

இறந்தோரைப் பற்றி எழுதிவைப்பது நமக்குப் புதிதும் அன்று. ஹிஜ்ரி 230இல் மறைந்த இப்னு ஸஅத், நபித்தோழர்கள், தாபிஉகள் ஆகியோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தலைமுறை தலைமுறையாக அடுக்கித் 'தபகாத்' என்னும் பெருநூலைத் தந்தார். ஹிஜ்ரி 852இல் மறைந்த இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ தொகுத்த 'அல் இஸாபா'வில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ 1,500 பதிவுகள் பெண்களைப் பற்றியவை. அரசரும் தளபதியும் மட்டும் அவற்றில் இடம்பெறவில்லை. ஒரே ஒரு செய்தியை அறிவித்தவரும், ஒரே ஒரு நிகழ்ச்சியில் உடனிருந்தவரும் பெயரோடு இடம்பெற்றார்கள். தமிழகத்திலும் எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் அவர்கள் தொகுத்த இஸ்லாமியக் கலைக்களஞ்சியமும், அரபு, அர்வி அறிஞர்களின் வரலாற்றைத் தேடித் தேடித் தொகுத்துத் தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் வெளியிட்ட ஆங்கில நூலும் அந்த மரபின் தொடர்ச்சியே. அவர்கள் எழுதாதிருந்தால் எத்தனையோ பெயர்கள் கபரோடு போயிருக்கும்.

அச்சில் இருந்த இந்த மரபு இணையத்துக்கு மாறி முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. 1995இல் மைக்கேல் கிப்பி என்னும் கனடாப் பொறியாளர், தாம் கொடிய நோயுற்றிருந்த நிலையில், இறந்தவர்களுக்காக இணையத்தில் ஒரு மையவாடியை உருவாக்கினார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவரும் மறைந்தார். 2009இல் முகநூல், இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 2015இல், தமக்குப் பின் அக்கணக்கைக் கவனிக்க ஒருவரை முன்கூட்டியே நியமித்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்தது. கொரோனாப் பெருந்தொற்றின்போது, நெருங்கி நின்று அடக்கம் செய்யவும் இயலாத குடும்பங்களுக்காக இலண்டனின் புனித பவுல் பேராலயம் 2020 மே மாதத்தில் இணைய நினைவேடு ஒன்றைத் திறந்தது. அதில் எல்லா மதத்தவரும் தம் உறவினரின் பெயரைப் பதியலாம்.

தமிழ் பேசுவோரிடையே இதில் முன்னிற்பவர்கள் இலங்கைத் தமிழர்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாற்றையும் குடும்ப வழியையும் 'கல்வெட்டு' அல்லது 'நினைவு மலர்' என்னும் சிறு நூலாக அச்சிட்டு 31ஆம் நாளில் வழங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உண்டு. 2005 முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்னும் இணைய ஆவணகம், பிற நூல்களோடு இத்தகைய நினைவு மலர்களையும் மின்வடிவில் பாதுகாத்து வருகிறது. போரில் வீடும் ஊரும் நூல்களும் இழந்த ஒரு சமூகம், ஓர் ஆசிரியரையோ ஒரு கடைக்காரரையோ பற்றிய சிறு மலர்கூட வரலாறுதான் என்பதை உணர்ந்திருக்கிறது.

அதே இலங்கையில் நம் சகோதரர்களுக்கு நேர்ந்ததை மறக்க இயலாது. 2020இல் கொரோனாவால் இறந்தவர் எவராயினும் எரிக்கவேண்டும் என்று அந்நாட்டு அரசு கட்டாயப்படுத்தியது. அடக்கம் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் அரசு இணங்கவில்லை. பிறந்து இருபது நாள்களே ஆன ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் அவ்வாண்டு டிசம்பரில் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அதன்பின் கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெண்துணித் துண்டுகளைக் கட்டினார்கள். அது கபன் துணியின் நினைவு. அவை அகற்றப்பட்டன. அதற்குள் அப்படங்கள் இணையத்தில் உலகெங்கும் பரவிவிட்டன. தத்தம் வீட்டு வாசலிலும் வெண்துணி கட்டிப் பலர் படம் வெளியிட்டார்கள். 2021 பிப்ரவரி இறுதியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. மார்ச் முதல் கிழக்கே ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அந்நாட்டு அமைச்சரவை அந்தக் கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோரியது.

அக்குடும்பங்களுக்கு ஜியாரத்துக்குச் செல்ல ஒரு கபர் இல்லை. தலைமாட்டுக் கல் வைக்க ஒரு சாண் நிலம் இல்லை. அவர்கள் தம் தாய் தந்தையரின் பெயரை இணையத்தில் எழுதிவைத்தால், அதை ஆடம்பரம் என்று யாரால் சொல்ல முடியும்? வெள்ளைத் துணி நெய்யும் ஊரில் பிறந்த எனக்கு, அந்த வேலியில் ஆடிய வெண்துணிகளின் படத்தைக் கண்டபோது நெஞ்சு கனத்தது. கபர் மறுக்கப்பட்டவர்களுக்கு இணையப் பக்கமே மீஸான் கல்.

ஆகவே, இணைய நினைவுப் பக்கம் கூடுமா கூடாதா என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடக் கூடாது. அதில் மார்க்க ஐயம் உள்ளவர்கள் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். அதை எதற்காக எழுப்புகிறோம், அதில் என்ன எழுதுகிறோம் என்பதே நான் கேட்க விழையும் கேள்வி.

ஒரு ஜனாஸா கடந்து சென்றபோது தோழர்கள் அவரைப் புகழ்ந்து பேசினார்கள். உறுதியாகிவிட்டது என்றார்கள் நபியவர்கள். மற்றொரு ஜனாஸா சென்றபோது இகழ்ந்து பேசினார்கள். அப்போதும் உறுதியாகிவிட்டது என்றார்கள். முன்னவருக்குச் சொர்க்கமும் பின்னவருக்கு நரகமும் உறுதியானதாக விளக்கி, பூமியில் நீங்கள் அல்லாஹ்வின் சாட்சிகள் என்ற கருத்தைச் சொன்னார்கள். புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. இதை அறிந்த ஒருவர், இறந்தவரின் படத்துக்குக் கீழே எழுதும் ஒவ்வொரு வரியையும் சாட்சியமாகவே கருதவேண்டும். அழும் முகக்குறி ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த செய்திக்குச் செல்வது சாட்சியமா? அவரோடு ஒருநாளும் பேசாதவர், ஊரிலேயே சிறந்த மனிதர் என்று எழுதுவது சாட்சியமா? கண்டதைச் சொல்வதே சாட்சியம். எனக்கு மருத்துவமனைக்குச் செல்ல வண்டி கொடுத்தார் என்பது சாட்சியம். இரண்டு ஆண்டுகள் கடன் கேட்டு வந்து ஒருநாளும் குரல் உயர்த்தவில்லை என்பது சாட்சியம்.

இன்னும் சிலவற்றை மனம் வருந்தியே சொல்லவேண்டியிருக்கிறது. குளிப்பாட்டிக் கபனிட்ட மய்யித்தின் முகத்தைப் படமெடுத்துப் பரப்புகிறோம். உயிரோடிருந்தபோது அந்நியர் முன் முகம் காட்டத் தயங்கிய தாய்மாரின் படங்களையும் பரப்புகிறோம். மரணப் படுக்கையில் மூச்சுத்திணறும் காட்சியையும் காணொளியாக வைத்திருப்பவர் உண்டு. அவர்களிடம் அனுமதி கேட்டோமா? மய்யித்தைக் குளிப்பாட்டுபவர் கண்ட குறையை மறைக்கவேண்டும் என்று கற்றுத்தரும் மார்க்கம் நம்முடையது. குளிப்பாட்டுபவருக்குள்ள பொறுப்பு, கைபேசி வைத்திருப்பவருக்கும் உண்டு.

நான் தொடங்கிய பக்கத்துக்கு வருகிறேன். அத்தாவின் படத்தோடு நான்கு வரி எழுதினேன். சில நாள்களில் இருநூற்றுக்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. சவூதியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் எழுதினார்கள். மனம் நிறைந்தது. அந்த வாரத்தில் ஒருநாள் மாலை, எங்களிடம் பல ஆண்டுகள் தார் சுற்றிய அக்கா ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். கையில் முகநூலும் இல்லை. அம்மாவிடம் நலம் விசாரித்துவிட்டு நெடுநேரம் எழாமல் அமர்ந்திருந்தார். பின்பு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தம்பி, தப்பா நினைச்சுக்காதீங்க. சீட்டு எடுத்த பணம் பதினெட்டாயிரம் பாய்கிட்ட குடுத்து வெச்சிருந்தேன். வீட்டுல இருந்தா செலவாயிரும்னு. துக்க வீட்டுல எப்படிக் கேக்கறதுன்னு இத்தனை மாசமும் வரலே."

அத்தாவின் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். பாவு வரவு, மின்கட்டணம் ஆகியவற்றுக்கு நடுவே அந்த அக்காவின் பெயரும் தொகையும் தேதியும் தெளிவாக இருந்தன. பக்கத்தில் 'அமானிதம்' என்று எழுதியிருந்தார். அந்த நோட்டை நாங்கள் ஒருவரும் புரட்டிப் பார்க்கவில்லை. படங்களைத் தேடினோம், காணொளிக்குப் பாடல் தேடினோம், கணக்கு நோட்டை மட்டும் தேடவில்லை.

பணத்தைக் கொடுத்தபோது அந்த அக்கா இன்னொன்றையும் சொன்னார். 2020 ஊரடங்கில் தறிகள் நின்றிருந்த வாரங்களில், வேலை இல்லாதபோதும் அத்தா அவருக்குப் பாதிக் கூலி கொடுத்துவந்தாராம். கணக்கில் எழுத வேண்டாம், பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டாம் என்றாராம். இருநூறு பதில்களில் ஒன்றிலும் இல்லாத என் அத்தாவை அன்றுதான் நான் கண்டேன். அவர் பிறருக்குச் செய்ததும், பிறருக்கு நாங்கள் கொடுக்கவேண்டியதும், இணையத்தில் எழுதத் தெரியாத ஒருவரிடமே இருந்தன.

கடன் உள்ளவரின் ஜனாஸாவைக் கொண்டுவந்தபோது, அபூகதாதா (ரலி) அக்கடனை ஏற்றுக்கொள்ளும்வரை நபியவர்கள் தொழவைக்க முன்வரவில்லை என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்டிருக்கிறோம். கூலியும் சீட்டும் கைமாற்றுமாக வாழ்க்கை நடக்கும் நம் பகுதியில் எழுதாத கடன்களும் வாய்வார்த்தை அமானிதங்களும் ஏராளம். ஆதலால் நினைவுப் பக்கத்தின் முதல் வரி இதுவாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து: 'எங்கள் தகப்பனாரிடம் கொடுத்துவைத்தவர்கள், அவரிடமிருந்து வரவேண்டியது உள்ளவர்கள் எங்களை அணுகுங்கள்.' கூடவே ஒருவர் நேரிலும் செல்லவேண்டும். அவரிடம் வேலை செய்தவர்கள், பால்காரர், மளிகைக் கடைக்காரர், பாவு கொடுத்தவர் என எல்லோரிடமும் கேட்கவேண்டும். கடனைக் கேட்கப் போகும் அதே நடையில் நினைவுகளையும் கேட்டு வரலாம்.

இங்கே நம் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஜனாஸா அறிவிப்புகளைக் கவனித்துப் பாருங்கள். 'இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் வஃபாத்' என்று வருகிறது. அவர் பெயர் பல வேளைகளில் வருவதே இல்லை. என் அத்தாவின் நன்னியுடைய பெயர் என்ன என்று எங்கள் வீட்டில் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழு பிள்ளைகளைப் பெற்று வளர்த்த ஒரு மனுஷியின் பெயர் மூன்றே தலைமுறையில் அழிந்துவிட்டது. ஆயிஷா, கதீஜா, பாத்திமா (ரலி) என்று நபிக் குடும்பத்துப் பெண்களின் பெயர்களை உலகமே அறியும். இப்னு ஸஅத் பெண்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கினார். பெண்ணின் பெயரை மறைப்பது மார்க்கம் என்று நமக்கு யார் கற்றுத்தந்தார்கள்? படம் வேண்டாம் என்று ஒரு குடும்பம் முடிவுசெய்யுமானால் அது மதிக்கத்தக்கது. ஆனால் பெயரை எழுதுங்கள். அவர் எந்த ஊரில் பிறந்தார், யாருக்கு ஓதக் கற்றுக்கொடுத்தார், எத்தனை பிரசவங்களுக்குத் துணைநின்றார் என்பதை எழுதுங்கள்.

எழுதுவதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். இணையத்தில் போட்டுவிட்டால் என்றும் நிலைக்கும் என்று நாம் நம்புகிறோம். 2009இல் ஜியோசிட்டீஸ் மூடப்பட்டது. நம் இளமைக் காலத்து ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடப்பட்டது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் நடைமுறையைக் கூகுள் 2023 டிசம்பரில் தொடங்கியது. இறந்த தந்தையின் கணக்கில் உள்ள படங்களும் கடிதங்களும் அவ்விதியின்கீழ் வருபவையே. நிறுவனத்தின் இடத்தில் நாம் குடியிருக்கிறோம். சொந்த மனை நமக்கு அங்கே இல்லை.

ஆகையால் உயிரோடிருக்கும்போதே சிலவற்றைச் செய்துவைப்பது நல்லது. கூகுள் கணக்கின் அமைப்புகளில், குறிப்பிட்ட மாதங்கள் கணக்கு செயல்படாவிட்டால் யாருக்குத் தகவல் போகவேண்டும், எவற்றைக் கொடுக்கவேண்டும் என்று முன்பே பதிவுசெய்யும் வசதி 2013 முதல் இருக்கிறது. முகநூலில் தமக்குப் பின் கணக்கைக் கவனிப்பவரை நியமிக்கலாம். அவரால் நம் தனிப்பட்ட உரையாடல்களைப் படிக்க இயலாது. மரணத்துக்குப் பின் கணக்கை அறவே நீக்கிவிடும்படியும் சொல்லிவைக்கலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தம் மரணத்துக்குப் பின் தம் தரவு உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் உரிமையை அங்கீகரித்திருக்கிறது. வசிய்யத் எழுதிவைக்காமல் இரவுகளைக் கடத்துவது தகாது என்று கற்ற நமக்கு இது அந்நியமான சிந்தனையன்று. வீட்டின் சாவியை ஒப்படைப்பதுபோல் கைபேசியின் சாவியையும் நம்பிக்கையான ஒருவரிடம் ஒப்படைப்போம். துக்கம் நடந்த வீட்டில் இருப்பவர்கள், அந்த எண்ணைச் சில மாதங்களுக்கேனும் உயிரோடு வைத்திருங்கள். குரல் செய்திகளை வேறோர் இடத்தில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதைத் தாளில் அச்சிட்டுக் குர்ஆன் வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிரதி வையுங்கள்.

இவ்வளவும் செய்தபின், நினைவு என்பது என்ன? கதீஜா (ரலி) அவர்கள் மறைந்து பல ஆண்டுகள் கழிந்த பின்பும் நபியவர்கள் அவர்களை அடிக்கடி நினைவுகூர்ந்தார்கள். ஆயிஷா (ரலி) அவர்களுக்கே அதில் பொறாமை எழுந்ததாகப் பதிவாகியிருக்கிறது. எப்படி நினைவுகூர்ந்தார்கள்? ஆடு அறுத்தால், அதன் இறைச்சியைப் பங்கிட்டுக் கதீஜாவின் தோழியருக்கு அனுப்பிவைப்பார்கள். கதீஜாவின் சகோதரி ஹாலாவின் குரல் வாசலில் கேட்டபோது, பழைய நினைவில் நெகிழ்ந்துபோனார்கள். அவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் மறைந்தவர் நேசித்த மனிதர்களின் வீட்டு அடுப்பில் எரிந்தது. இதைவிட அழகான நினைவேந்தலை நான் அறியேன்.

ஸஅத் பின் உபாதா (ரலி) தம் தாயார் இறந்தபின் எந்தத் தர்மம் சிறந்தது என்று கேட்டார். தண்ணீர் என்று பதில் வந்தது. அவர் ஒரு கிணறு தோண்டி அதைத் தம் தாயாருக்கென்று அறிவித்தார். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் மங்கலத்தைத் தொட்டுக்கொண்டு திருப்பூருக்குள் நுழைகிறது. சாயக்கழிவால் அந்த ஆறு சீரழிந்ததும், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதும் நாம் வாழ்ந்து பார்த்தவை. நல்ல தண்ணீரின் அருமையை நம்மைவிட அறிந்தவர் யார்? ஒரு தறிக்குடோன் வாசலில், வெளிமாநிலத் தொழிலாளர் தங்கியிருக்கும் வரிசை வீடுகளுக்கு நடுவில், ஒரு குடிநீர்த் தொட்டி வைத்து அதை நம் அத்தாவுக்கென்று நிய்யத் செய்யலாம். அதற்குப் பெயர்ப்பலகைகூட வேண்டியதில்லை.

மனிதன் இறந்தபின் அவனுக்குத் தொடர்ந்து பலன் தருபவை மூன்று என்று நாம் கற்றிருக்கிறோம்: நிலையான தர்மம், பயன்தரும் கல்வி, அவனுக்காக துஆச் செய்யும் நல்ல பிள்ளை. நினைவுப் பக்கம் இந்த மூன்றில் ஒன்றைத் தூண்டுகிறதா என்று பாருங்கள். தூண்டினால் அது நீடிக்கட்டும்.

நான் அந்தப் பக்கத்தை நீக்கவில்லை. காணொளியை மட்டும் எடுத்துவிட்டேன். அத்தாவுடன் பழகியவர்களிடம் கேட்டு எழுதியவை பதினொரு பக்கங்கள் ஆயின. அவற்றை அச்சிட்டு எங்கள் ஐவர் வீட்டிலும் ஒவ்வொரு பிரதி வைத்திருக்கிறோம். கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: அத்தாவின் தோழர்கள், அவரிடம் வேலை செய்தவர்கள், அவர் நலம் விசாரித்துவந்த முதியவர்கள். வீட்டில் கறி எடுக்கும் நாள்களில் அந்தப் பட்டியலிலிருந்து ஒரு வீட்டுக்கு அம்மா தூக்குப்போசியில் கொடுத்தனுப்புகிறார். முதல் பெயர் தார் சுற்றிய அக்காவுடையது.

அம்மா இப்போது அந்த எண்ணுக்கு அழைப்பதில்லை. தூக்குப்போசி திரும்பி வரும்போது, அந்த வீட்டார் அத்தாவைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொள்கிறார்.

யா அல்லாஹ்! எங்களுக்கு முன் சென்ற எங்கள் பெற்றோரையும் உற்றாரையும் மன்னித்தருள்வாயாக. அவர்களுடைய கபரை விசாலமாக்குவாயாக. கபர் மறுக்கப்பட்டவர்களுக்கு உன் அருளையே நிழலாக்குவாயாக. அவர்கள் விட்டுச்சென்ற அமானிதங்களை நிறைவேற்றும் பிள்ளைகளாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.